கடல் வரைந்த கோடு

கடலைக் கடந்து வந்து குடியேறிய மக்கள் நாம். இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் நாகையிலிருந்தும் கப்பலேறி வந்து, டெலானிபூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு அமைத்து, பிள்ளைகளை ஆளாக்கினோம். கடல் நமக்குப் புதியதன்று. ஆயினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், நாம் வாழும் கரையையும் நாம் விட்டு வந்த கரையையும் ஒரே காலைப்பொழுதில் ஒரே கடல் அடித்தது. இங்கே சுற்றத்தாரைத் தேடி அலைந்தவர்களுள் பலர், நாகையிலும் வேளாங்கண்ணியிலும் கடலூரிலும் இருந்த உறவினரை எண்ணி அன்றிரவு கண் மூடவில்லை.

அந்நாளில் நம் பெரியவர்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது. "இத்தனை படிப்பும் இத்தனை கருவிகளும் இருந்தும், இப்படி வரும் என்பது ஒருவருக்குமா தெரியாமற் போயிற்று?" என்று கேட்டார்கள். நேர்மையாக விடை கூறுவதாயின், ஓரளவு தெரிந்தே இருந்தது எனல் வேண்டும். அது எங்கே தெரிந்திருந்தது, யாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏன் நமக்கு வந்து சேரவில்லை என்னும் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். அவ்வரலாறு தொடங்கும் இடமும் நம் ஊரே. போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழக்கம் விடாமையால் ஈண்டுப் பழைய பெயரையே எழுதுகிறோம்.

கடலின் ஏற்ற இறக்கத்தை ஓதம் என்பது தமிழ் வழக்கு. அதனை அளக்கும் கருவியை ஓதமானி எனலாம். பழைய ஓதமானி எளிய அமைப்பை உடையது. கரையோரத்தில் கடலோடு தொடர்புடைய ஒரு கிணறு. கிணற்று நீரில் ஒரு மிதவை. மிதவையோடு கம்பியால் இணைந்த ஒரு பென்சில். கடிகாரத்தால் மெல்லச் சுழலும் உருளை ஒன்றின்மேல் சுற்றிய காகிதம். நீர் ஏறினால் பென்சில் ஏறும்; நீர் இறங்கினால் பென்சில் இறங்கும். இவ்வாறு இரவும் பகலும் கடல் தன் கதையைத் தானே கோடாக வரைந்துகொண்டிருக்கும்.

இந்திய நில அளவைத் துறை 1870-களில் இக்கருவிகளைத் துறைமுகந்தோறும் நிறுவத் தொடங்கிற்று. பெயர்டு என்னும் படை அதிகாரி அப்பணியை முன்னின்று நடத்தினார். ஆட்சியாளர் இதற்குப் பொருள் ஒதுக்கியது விஞ்ஞானத்தின்மீது கொண்ட காதலால் அன்று. கப்பல்கள் துறைமுகத்துக்குள் எப்பொழுது நுழையலாம் என்பது தெரியவேண்டும். மலைகளின் உயரத்தையும் நிலத்தின் மட்டத்தையும் கணக்கிடக் கடல்மட்டம் என்னும் அடிப்படை அளவு வேண்டும். வாணிகமும் நில அளவையும் கேட்டன, அரசு கொடுத்தது. விஞ்ஞானம் அந்த வண்டியில் ஏறிக்கொண்டது. போர்ட் பிளேயரில் 1880-இல் ஓதமானி வேலை செய்யத் தொடங்கிற்று. அப்போது இவ்வூர் கைதிகளின் குடியிருப்பு. சிற்றறைகள் கொண்ட அப்பெருஞ்சிறை இன்னும் எழும்பவில்லை.

அடுத்த ஆண்டின் கடைசி நாள், 1881 டிசம்பர் 31 காலையில், கார் நிகோபாருக்கு அருகே பெரியதொரு நிலநடுக்கம் நேர்ந்தது. இக்காலக் கணக்கின்படி அதன் அளவு 7.9. சென்னையிலும் நில அதிர்ச்சியை உணர்ந்தார்கள். அதன்பின் கடல் பேசியது. வங்கக் கடலைச் சூழ்ந்திருந்த எட்டு ஓதமானிகளின் காகிதங்களில், வழக்கமான ஓதத்தின் மெல்லிய வளைவின்மேல், சீப்பின் பற்களைப் போன்ற அலைகள் பதிவாயின. போர்ட் பிளேயரிலும் பதிவாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் பதிவாயின. எங்கும் அலையின் எழுச்சி ஒரு மீட்டரை எட்டவில்லை. எனவே ஊர் அழியவில்லை. நாளடைவில் மக்கள் மறந்தார்கள். காகிதம் மட்டும் மறக்கவில்லை.

நில அளவைத் துறையின் அதிகாரியாகிய ராஜர்ஸ், அக்கோடுகளை ஆராய்ந்து 1883-இல் ஓர் அறிக்கை எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இளம் அறிஞர் ஆர். டி. ஓல்டுஹாம் 1884-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். (பூமிக்கு நடுவே தனியே ஓர் உட்கரு உண்டு என்பதை 1906-இல் நிலநடுக்க அலைகளைக் கொண்டு காட்டியவர் இவரே.) இடையே 1883 ஆகஸ்டு 27-இல் ஜாவாவின் அருகே கிரக்கத்தோவா எரிமலை வெடித்து, முப்பத்தாறாயிரம் மக்களைப் பலிகொண்டபோதும், அதன் அலைகளை இந்தியத் துறைமுகங்களின் ஓதமானிகள் பதிவு செய்தன. அவற்றைத் தொகுத்து பெயர்டு லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். ஆகவே, வங்கக் கடலில் நிலநடுக்கத்தாலும் எரிமலையாலும் பேரலை எழும், அது நாகைவரை செல்லும் என்பது, 1884-க்குள் அச்சில் ஏறிவிட்ட செய்தி. அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் உறக்கம்!

ஏன் உறங்கிற்று? ஒரு காரணத்தைச் சற்று விரித்துக் கூறல் தகும். பதிவு செய்வதும் அறிவதும் ஒன்றல்ல. பழைய ஏட்டை எடுத்துத் தூசி தட்டிப் புதிய கேள்வியோடு படிக்கும் மனிதர்கள் வேண்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து மாணவரைப் பழக்கும் இடம் வேண்டும். அதற்குப் பெயர் பல்கலைக்கழகம். சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் 1857-இல் தோன்றிய பல்கலைக்கழகங்களோ, அக்காலத்தில் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கும் அலுவலகங்களாகவே இருந்தன. ஆராய்ச்சி அவற்றின் தொழிலன்று. அளவை செய்தவர் அரசின் துறையினர். அவர்கள் மாற்றலாகிப் போனதும் கேள்வியும் கப்பலேறிவிட்டது. கேட்பாரற்ற விடையாகக் கோடு மட்டும் அலமாரியில் கிடந்தது.

இங்கே நினைவூட்டல்கள் இல்லாமலும் இல்லை. 1941 ஜூன் 26-ஆம் நாள் அந்தமானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ராஸ் தீவின் கட்டடங்களும் செல்லுலார் சிறையின் பகுதிகளும் சேதமுற்றன. ஒரு வருடம் முடியுமுன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்திறங்கினர். போரின் துன்பத்தில் நிலத்தின் துன்பம் மறைந்துபோயிற்று.

பசிபிக் கடலில் நடந்ததையும் பார்ப்போம். அலூஷியன் தீவுகளருகே 1946 ஏப்ரல் 1-இல் எழுந்த ஆழிப்பேரலை, ஹவாய் தீவுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மூன்று ஆண்டுகளில், 1949-இல், அமெரிக்க அரசு அங்கே எச்சரிக்கை நிலையம் அமைத்தது. 1960-இல் சிலி நாட்டின் பேரலை கடல் முழுவதையும் கடந்து ஜப்பானையும் தாக்கிய பின், 1965-இல் யுனெஸ்கோவின் துணையோடு பசிபிக் நாடுகள் ஒன்று கூடி அந்நிலையத்தைப் பொதுவாக்கிக்கொண்டன. அரசு நிலையம் கட்டியது. நிலையத்தின் தேவைக்காகப் பல்கலைக்கழகங்களில் அலைக்கணக்கு வளர்ந்தது. வளர்ந்த கணக்கு மீண்டும் நிலையத்தைக் கூர்மையாக்கியது. அங்கும் தொடக்கம் பிணங்களில்தான் என்பதை மறத்தற்கில்லை.

விடுதலைக்குப் பின் நம் நாட்டிலும் கடல் விஞ்ஞானம் வளர்ந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகம் 1950-களின் தொடக்கத்திலேயே வங்கக் கடலை ஆராயத் தொடங்கிற்று. பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியலுக்கு ஒரு நிலையம் கண்டது. பல நாடுகள் கூடி நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் விளைவாக 1966-இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. மத்திய அரசு கடல் மேம்பாட்டுக்கெனத் தனித் துறை அமைத்தது 1981-இல். அந்தக் கோடு வரையப்பட்டுச் சரியாக நூறாண்டு! ஆனால் அரசு கடலைக் கேட்ட கேள்விகள் வேறு. மீன் எங்கே? எண்ணெய் எங்கே? பருவமழை எப்பொழுது? பசித்த நாடு கேட்க வேண்டிய கேள்விகளே அவை. குறை கூற மாட்டோம். எனினும் அரசு எதற்குப் பணம் தருகிறதோ அதனையே ஆய்வாளன் கண் காண்கிறது என்பது இதனால் புலனாகும்.

அந்த இடைக்காலத்தில்தான் தீவுகளில் மக்கள் குடியமர்த்தப்பட்டனர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, நிகோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்காக அனுப்பப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அரசு காட்டிய இடம் அது. அவர்கள் கடலருகே குடியேறினர். 1881-ஐப் பற்றி அவர்களிடம் சொல்வார் ஒருவரும் இல்லர். 2004-இல் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. இதனை எழுதும்போது நம் கை தயங்குகிறது.

பழைய கோட்டை மீண்டும் எடுத்துப் படித்தவர்கள், மெக்சிகோ நாட்டு ஆய்வாளர் மொடெஸ்டோ ஒர்ட்டிசும், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் பில்ஹாமும் ஆவர். எட்டு ஓதமானிகளின் பதிவுகளைக் கொண்டு, கடலடியில் எந்தப் பாறைப் பிளவு எவ்வளவு நகர்ந்தால் இவ்வலைகள் எழும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, 1881 நிலநடுக்கத்தின் இடத்தையும் அளவையும் நிறுவினர். அக்கட்டுரை வெளிவந்த ஆண்டு 2003. பேரழிவுக்கு ஓராண்டு முன்! அவர்கள் 2004-ஐ முன்னறிந்து கூறினார்கள் என்று மிகைப்படுத்துதல் ஆகாது. அவ்வளவு பெரியது வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் நிகோபாரில் நிலம் அசைந்தால் நாகையில் கடல் எழும் என்பது அக்கட்டுரையைப் படித்தவர்க்கு ஐயமறத் தெரிந்திருக்கும். படித்தவர் எத்தனை பேர்? ஆய்விதழ் ஒன்றில் வெளியானதை ஆட்சியரின் மேசைக்குக் கொண்டுசெல்லும் பாதை அன்று போடப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திராவின் கடலடி பிளந்தது. பிளவு வடக்கே நிகோபாரையும் கடந்து அந்தமான்வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஹவாயிலிருந்த பசிபிக் நிலையம் பதினைந்து நிமிடங்களில் செய்தி வெளியிட்டது: நிலநடுக்கம் 8.0 அளவு, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை. உண்மை அளவு 9.1 என்பது பின்னரே தெளிவாயிற்று. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாருக்குச் சொல்வது என்பதற்கு அவர்களிடம் ஒரு முகவரியும் இருக்கவில்லை. கார் நிகோபார் விமானப்படைத் தளம் நீரில் மூழ்குகிறது என்னும் செய்தி காலை எட்டு மணிக்கு முன்னரே படையின் தொடர்பு வழியே பெருநிலத்துக்குச் சென்றுவிட்டது. தமிழகக் கரையில் அலை மோதியது எட்டரை மணிக்குப் பின்னரே. கிறிஸ்துமஸ் மறுநாள், வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம், நாகையில் மீன் ஏலம். அரசின் கணக்குப்படி தமிழகத்தில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் நாகை மாவட்டத்தினர் மட்டும் 6,000-க்கு மேல். நம் தீவுகளில் இறந்தவரும் காணாமற் போனவருமாக ஏறத்தாழ 3,500 பேர். போர்ட் பிளேயரின் தரையே ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் ஓதம் ஏறி, வயல் கடலாயிற்று.

கல்லூரி காணாத மக்கள் சிலர் அன்று பிழைத்தனர். சுமத்திராவுக்கு அருகில் உள்ள சிமெலுவே தீவில் 1907-இல் ஒரு பேரலை வந்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டிமார் பேரர்க்குக் கதையாகச் சொல்லி வந்தார்கள். 2004-இல் நிலம் ஆடியதும் 'ஸ்மோங்' என்னும் கூக்குரல் எழ, மக்கள் மலையேறினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் அத்தீவில் இறந்தவர் ஏழு பேர் என்பர். நம் லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்களும் மேட்டு நிலத்துக்குச் சென்று உயிர் தப்பினர். நாம் காகிதத்தில் எழுதி அலமாரியில் வைத்தோம். அவர்கள் நாவில் எழுதிப் பிள்ளைகளிடம் வைத்தார்கள்.

அழிவின் பின் அரசு விரைந்தது; விரைந்ததை மனமாரப் பாராட்டவும் வேண்டும். 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. யுனெஸ்கோவின் கடலாய்வுக் குழு அதே ஆண்டில் இந்தியப் பெருங்கடல் நாடுகளை ஒன்று கூட்டியது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கிற்று. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை மிதவைகளோடு இணைத்து வங்கக் கடலில் இறக்கியது.

ஆயினும் விரைவிலும் ஒரு குழி உண்டு. பறங்கிப்பேட்டைப் பகுதியின் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிஞர் இருவர், சதுப்புநில மரங்கள் நின்ற இடத்தில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினர். கடற்கரையில் மரவேலி வேண்டும் என்னும் குரல் எங்கும் எழுந்தது. தமிழகக் கரையில் சவுக்கு நடப்பட்டது. மறு ஆண்டே வேறு அறிஞர் அதே எண்களை எடுத்து, ஊர் கடலிலிருந்து எத்தனை தொலைவில், எத்தனை உயரத்தில் இருந்தது என்பதைக் கணக்கில் சேர்த்தால் மரத்தின் பங்கு மிகச் சிறிதே என்று வாதிட்டனர். யார் சரி என்று தீர்ப்பளிக்க நாம் தகுதியுடையோம் அல்லோம். சதுப்பு மரம் நல்லது என்பதில் நமக்கு ஐயமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் வாதம் முடியுமுன்னரே அரசு கன்று நடத் தொடங்கிவிடுகிறது. நட்ட கன்று நட்டதுதான். நூறாண்டு கேளாதிருந்ததும் பிழை. கேட்ட மறுநாளே முடிந்த முடிபாகக் கொள்வதும் பிழை.

புதிய நிதி பழைய வரலாற்றையும் தோண்டியது. புவியியல் அறிஞர் சி. பி. ராஜேந்திரனும் அவருடைய குழுவினரும் காவிரிப்பூம்பட்டினத்தில் மண்ணடுக்குகளை ஆராய்ந்து, சோழர் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு பேரலை வந்து மணல் படிந்ததற்குச் சான்று உண்டு என்று 2011-இல் வெளியிட்டனர். புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறும்; அது வேறு, காலத்தால் முந்தியது. இரண்டையும் ஒன்றாக்கி மகிழும் ஆசை நமக்கு உண்டாகும். ஆய்வு அதற்கு இடந்தரவில்லை. இராசேந்திர சோழனின் கல்வெட்டு நக்கவாரம் என்று நிகோபாரைக் குறிக்கும் காலமும், அந்த மணல் படிந்த காலமும் ஏறத்தாழ அண்மையானவை என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கலாம்.

இனி, நம் பிள்ளைகளின் நிலை. போர்ட் பிளேயரில் அரசினர் கல்லூரி தோன்றியது 1967-இல். நேருவின் பெயர் தாங்கிய அக்கல்லூரி, நெடுநாள் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது! கடல் சூழ்ந்த தீவின் பிள்ளைகளுக்குக் கடலே இல்லாத ஊரிலிருந்து கேள்வித்தாள் வந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் தோன்றிய பின் இணைப்பு அங்கு மாறியது. அப்பல்கலைக்கழகம் புரூக்ஷாபாத்தில் கடலியல், கடல் உயிரியல் துறையை அமைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரப் பேரிடர் மேலாண்மைக்கென ஒரு துறையையும் இங்கேயே நிறுவியது. அழிவு அரசின் கொள்கையை மாற்றிற்று. மாறிய கொள்கை நம் ஊரில் ஒரு வகுப்பறையாக வந்து நிற்கிறது. வேலை நிச்சயமில்லை என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அத்தயக்கமும் நியாயமே, படித்து முடித்தவர்க்கு இத்தீவுகளிலேயே பணியிடம் தருவது அரசின் கையில் உள்ளது.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திராவின் மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இம்முறை ஹைதராபாத் மையத்திலிருந்து சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. நிகோபாரிலும் தமிழகக் கரையிலும் மக்கள் கடலோரத்தை விட்டு அகன்றனர். கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாக அன்றிப் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. வீணாக ஓடினோமே என்று சிலர் சலித்துக்கொண்டனர். 2004-ஐக் கண்டவர் எவரும் சலிக்கவில்லை.

சங்கத்தின் மாலை வகுப்பில் ஒரு மாணவனுக்கு இக்கணக்கைக் கொடுத்தோம். கார் நிகோபாரிலிருந்து நாகைக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். மூவாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் இவ்வலை மணிக்கு ஏறத்தாழ 620 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இரண்டே கால் மணி நேரம் என்று விடை எழுதினான். "நமக்கு எவ்வளவு நேரம்?" என்று உடனே கேட்டான். நிலம் பிளப்பது நம் தீவுகளின் அடியிலேயே ஆதலால், நமக்கு உள்ளவை சில நிமிடங்கள். நிகோபாரில் அதனினும் குறைவு. ஹைதராபாத்தின் செய்தி அதற்குள் வரலாம், வராமலும் போகலாம். நிற்க முடியாத அளவு தரை ஆடினால், அல்லது ஆட்டம் நெடுநேரம் நீடித்தால், ஊதொலிக்குக் காத்திராமல் கடலோரத்தை விட்டு மேட்டுக்கு ஏறவேண்டும் என்று அவனுக்குச் சொன்னோம். ஓதமானியைப் பார்க்கவேண்டும் என்றான். போர்ட் பிளேயர்த் துறைமுகத்தில் அது இன்றும் இருக்கிறது. பென்சிலும் காகிதமும் போய்விட்டன. அளவு செயற்கைக்கோள் வழியே அப்போதைக்கப்போது ஹைதராபாத்துக்குச் செல்கிறது.